தடுப்புக்கு மேல வந்த ஆணம்

ரஞ்சிதம் மூணாவது தடவையா கையத் தூக்கிப் பாத்தா. தோளுக்கு மேல போகல.

"அக்கா, செத்த இரு. இவரு வந்து வாங்கட்டும்," அப்படின்னா.

"நான் என்ன வேலையத்தா நிக்கிறேன்? சட்டி கைய சுடுதுட்டி," தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து காளியம்மா சத்தம் போட்டா.

நல்லுசாமி வாயில இருந்த வெத்தலைய துப்பிட்டு வந்து, ஒக்கார்ற பலகை மேல ஏறி, சட்டிய வாங்கி கீழ வச்சாரு. மூடியத் தொறந்து பாத்தாரு. பொண்டாட்டிய பாத்தாரு. ரஞ்சிதம் வெரல வாயில வச்சி பேசாதீங்கன்னு காட்டினா.

தானா ராத்தா பக்கத்துத் தேயிலத் தோட்டத்துல வரிசையா பத்து வீடு உள்ள லயம் அது. முன்பக்கம் வீட்டுக்கு வீடு செவுரு ஒழுங்கா இருக்கும். பின்னால சமைக்கிற குசினியில மட்டும் பலகைத் தடுப்புதான், ஆள் ஒசரத்துக்கு. அதுக்கு மேல தகரம் வரைக்கும் தொறந்தே கெடக்கும். இந்த வீட்டுல தும்முனா அந்த வீட்டுல கேக்கும். இந்த வீட்டுல கடுகு வெடிச்சா அந்த வீட்டுல மணக்கும். அத ஒரு கொறையா நெனச்சவங்க இருக்காங்க. ரஞ்சிதமும் காளியம்மாவும் அத வச்சே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் கொழுந்து வெட்டப் போறவங்க. விடியறதுக்கு முன்ன பேரு கூப்புடுற பெரட்டுக்கு நிக்கணும், சாயங்காலம் எடை போட்டுட்டு வந்தா நிக்கத் தெம்பு இருக்காது. அதனால சோறு அவங்கவங்க வீட்டுல, கொழம்பு மட்டும் மொற. திங்க, புதன், வெள்ளி காளியம்மா வைப்பா. செவ்வா, வியாழன், சனி ரஞ்சிதம் வைப்பா. பாதிய தடுப்புக்கு மேல குடுத்துருவாங்க. ஞாயித்துக்கெழம அவங்கவங்க பாடு. பதினாலு வருஷமா இது நடக்குது.

சட்டிக்குள்ள இருக்குறதுக்கு என்ன பேருங்கறதுலதான் பதினாலு வருஷமா ஒத்தும வரல. காளியம்மாவோட தாத்தன் திருநெல்வேலி பக்கம் இருந்து கப்பலேறுனவரு. அவங்க வீட்டுல அது ஆணம். தேங்காயையும் மொளகையும் வெந்தயத்தையும் செவக்க வறுத்து, அம்மியில மையா அரைச்சி, புளித்தண்ணியில கரைச்சி விட்டு, கெட்டியா வத்த விடணும். எறக்கறப்ப பச்ச தேங்காண்ண ஒரு கரண்டி. ரஞ்சிதத்தோட அப்பன் வழி சேலம். அவங்களுக்கு அது சாறு. மல்லி, மொளகா வறுத்து, ஒரு கை நெலக்கடல சேத்து அரைச்சி, தண்ணியா ஓட விட்டு, கடைசியில பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு சட்டுனு மூடிரணும். கோடி வீட்டு தங்கையா தஞ்சாவூரு வழி. ரெண்டு சட்டியையும் எட்டிப் பாத்துட்டு, "ரெண்டுமே கொழம்பு இல்ல, எதுக்கு அடிச்சிக்கிறீங்க"ன்னுட்டுப் போயிருவாரு. இவங்க யாரும் அந்த ஊருங்கள கண்ணால பாத்ததில்ல. சட்டியில மட்டும்தான் பாத்திருக்காங்க.

ஆனா ஒரு வெசயத்துல ரெண்டு பேரும் ஒண்ணு. இன்னொரு வீட்டுக்குப் போற சட்டிய, சமைக்கறவ நாக்குல வச்சிப் பாக்கக் கூடாது. அது எச்சில். உப்பு, புளி, காரம் எல்லாத்தையும் கொதி வாசனைய வச்சே கண்டுபிடிக்கணும். அதுல காளியம்மாவ அடிச்சிக்க ஆளில்ல. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டே, "ஏ ரஞ்சிதம், ஒனக்கு இன்னிக்கி உப்பு பத்தாது," "மல்லி தீயப் போவுது, எறக்கு,"ன்னு சொல்லுவா. சொன்னா சரியா இருக்கும். ரஞ்சிதத்துக்கு எரிச்சலா வரும். இருந்தாலும் எறக்கிருவா.

இப்ப ஆறு மாசமா அந்தக் கொரலு வரல.

மொதல்ல ரஞ்சிதம் கவனிக்கல. எப்படி கவனிப்பா? எழுபத்தெட்டுல இருந்து தோட்டத்துல கையால கிள்ளுறது போயி கத்திரி வந்துருச்சி. கத்திரியோட ஒரு பொட்டி. நாள் பூரா ரெண்டு கையையும் நீட்டி வெட்டி வெட்டி, பொட்டிய முதுகுக் கூடையில கவுக்கணும். மூணு வருஷத்துல அவ தோளு போயிருச்சி. அம்மியில ஒக்காந்தா கண்ணுல தண்ணி வந்துரும். கடையில மசாலாத் தூளு பாக்கெட்டுல விக்கிறாங்கதான். ஒரு தடவ வாங்கிப் போட்டா. காளியம்மா தடுப்புக்கு மேல, "ஏட்டி, இது என்னட்டி மருந்து வாட?"ன்னு கேட்டுப்புட்டா. அதோட விட்டுட்டா.

ஐப்பசி மழையில காளியம்மாவுக்கு ஒரு காய்ச்ச வந்துச்சி. பத்து நாளு படுத்துக் கெடந்துட்டு எந்திருச்சா. அதுக்கப்புறம் ஆணத்துல ஒரு நாளு உப்பே இல்ல. இன்னொரு நாளு ரெண்டு தடவ உப்பு. இன்னொரு நாளு வெந்தயம் கருகி ஒரே கசப்பு. வயசாவுதுன்னு ரஞ்சிதம் நெனச்சிக்கிட்டா.

ஒரு செவ்வாக்கெழம இவ அடுப்புல மல்லிய வறுக்கப் போட்டுட்டு, பலகையில சாஞ்சவ அப்படியே தூங்கிட்டா. மல்லி, மொளகா எல்லாம் கரியாப் போயி, கோடி வீட்டுல இருந்து தங்கையா இருமிக்கிட்டே ஓடியாந்தாரு. "என்னாத்த கொளுத்துற ரஞ்சிதம், கொசுவுக்கா?"ன்னு கேட்டாரு. பொகையோட பொகையா ரஞ்சிதம் தடுப்பு இடுக்கு வழியா பாத்தா. ரெண்டு மொழ தூரத்துல காளியம்மா ஒக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கா. தலையே தூக்கல. தங்கையா கொரலக் கேட்ட பொறவுதான் நிமிந்து, "என்ன, என்ன ஆச்சி?"ன்னா.

அன்னிக்கி ரஞ்சிதத்துக்கு வெளங்கிருச்சி. அக்காவுக்கு மூக்கு போயிருச்சி.

சொல்லணும்னு பத்து தடவ வாயத் தொறந்தா. சொல்ல வரல. அப்புறம் சொல்லாமயே ஒரு வழி பண்ணிக்கிட்டா. திங்க, புதன், வெள்ளி சட்டி வந்ததும் கீழ வச்சிருவா. காளியம்மா கொடத்த எடுத்துக்கிட்டு பைப்படிக்கு போவா. அந்தக் கால் மணி நேரத்துக்குள்ள இவ அடுப்ப ஊதி, சட்டிய ஏத்தி, உப்போ புளியோ எது கொறையோ அதப் போட்டு, சத்தம் வராம கொதிக்க வச்சி எறக்கிருவா. தன் மொறையில தானே சமைக்கணும், அடுத்தவ மொறையிலயும் தானே சமைக்கணும். ஆறு நாளும் அடுப்படி.

"அந்தம்மாகிட்ட நீயே சொல்லிரு லா," நல்லுசாமி சொல்லுவாரு.

"நீங்க சொல்லுங்களேன்."

"நானா? அந்தம்மா கரண்டியாலயே சாத்தும்."

அந்த வாரம் வியாழக்கெழம காளியம்மாவோட மவன் ராஜு லோரிய தோட்டத்து முனையில நிறுத்திட்டு எறங்கி வந்தான். கோலா தெர்லாவுல இருந்து காய்கறி ஏத்திக்கிட்டு தாப்பாவுக்கு எறங்குற லோரி. ஒத்தப் புள்ள. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவுது. அம்மா வீட்டுல போன மாசம் சட்டி அடுப்புலயே கருகி, குசினி பூரா பொகையாப் போச்சின்னு தானா ராத்தாவுல யாரோ அவன் காதுல போட்டுருக்காங்க.

"ஞாயித்துக்கெழம சாரதாவ கூட்டிக்கிட்டு வரேன். நீ துணிமணிய எடுத்து வைம்மா. எங்க கூட வந்து இரு."

"எனக்கு என்னடா கேடு? சட்டி கருகாத வீடு எங்க இருக்கு?"

"ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பாக்குறது?"

"ஒண்ணுமில்லாதப்ப யாரு வந்து பாக்குறது, அதச் சொல்லு," அப்படின்னு சொல்லி அவன லோரியில ஏத்தி விட்டா.

அவன் போனதும் தடுப்புக்கிட்ட வந்து நின்னா. "கேட்டியா? வேலைய விட்டு நிறுத்துற அம்பத்தஞ்சு வயசு ஆவ எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. இப்ப வேலைய விட்டா வீட்டையும் விடணும். ஆபிஸ் கிராணி அன்னிக்கே சாவிய கேப்பாரு. அங்க போயி மருமக குசினி மூலையில குந்திக்கிட்டு, எப்ப சோறு போடுவான்னு பாத்துக்கிட்டு இருக்கவா?"

"அவன் வந்தா என்ன சொல்லப் போற?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஆணம் வச்சி, வாழக்கா பொரிச்சி வச்சா, வாயில வச்ச ஒடனே அம்மா நல்லாத்தான் இருக்கான்னு தெரிஞ்சிரும் அவனுக்கு. வந்த வழியே போயிருவான்."

ரஞ்சிதம் குனிஞ்சி அடுப்ப ஊதுனா.

சனிக்கெழம பனி எறங்கி, பத்தடிக்கு அங்கிட்டு ஆளு தெரியல. கத்திரி சத்தம் மட்டும் கேக்குது. ரஞ்சிதம் வரிசையில நின்னு வெட்டிக்கிட்டே நெனச்சா. நாளைக்கி ஞாயித்துக்கெழம. அவ சட்டி அவ வீட்டுக்குத்தான். தடுப்பு தாண்டி வராது. நான் தொட வேண்டியதில்ல. ராஜு ஒரு வாய் வச்சா கதை முடிஞ்சிரும். அம்மாவ ஏத்திக்கிட்டுப் போயிருவான். நான் யாருக்கும் துரோகம் பண்ணல, சும்மா இருந்தேன், அவ்வளவுதான். திங்கக்கெழம இருந்து எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு கை சாறு. மோர் இருந்தா அதுவும் வேணாம். எவ்வளவு நிம்மதி.

அப்படி நெனச்சதும் கை நின்னு போச்சி. "என்னா ரஞ்சிதம், தூக்கமா?"ன்னு பனிக்குள்ள இருந்து வேலைய மேய்க்கிற மண்டோரு கொரலு வந்துச்சி. திரும்ப வெட்ட ஆரம்பிச்சா. சாயங்காலம் எடைக்கு நிக்கறப்பவும் அந்த நெனப்பு போகல. வேணாம்னு தள்ளவும் அவளுக்குத் தெம்பு இல்ல.

ஞாயித்துக்கெழம வெயிலு வந்துச்சி. ரஞ்சிதம் துணி தொவச்சிப் போட்டுட்டு குசினியில ஒக்காந்தா. அந்தப் பக்கம் அம்மி ஓடுற சத்தம் கேக்குது. கட கடன்னு நிக்காம ஓடுது. அக்காவுக்கு கை மட்டும் இன்னும் இரும்புதான், காய்ச்சலு கூட அதத் தொடலன்னு நெனச்சிக்கிட்டா. அப்புறம் கொதிக்கிற சத்தம். அப்புறம் வாட. தேங்கா தீஞ்ச வாட. ரஞ்சிதம் எந்திரிக்கல. மடியில கைய வச்சிக்கிட்டு அடுப்பையே பாத்துக்கிட்டு இருந்தா.

தடுப்புக்கு மேல ஒரு கரண்டி வந்துச்சி. காளியம்மா மொகம் தெரியல, கையும் கரண்டியும் மட்டும்.

"என்னக்கா?"

"பாரு."

"என்னத்த பாக்க?"

"உப்பு."

பதினாலு வருஷத்துல ஒருத்திய ஒருத்தி அப்படிக் கேட்டதில்ல. கரண்டியில இருந்து ஒரு சொட்டு பலகை மேல வழிஞ்சி எறங்குது. ரஞ்சிதம் எந்திரிச்சிப் போயி, உள்ளங்கையில வாங்கி நக்குனா. உப்பு சுத்தமா இல்ல. கசப்பு.

"எப்படி இருக்கு?"

"சட்டிய குடு," அப்படின்னா.

சட்டி மேல வந்துச்சி. நல்லுசாமிய கூப்புடல. பல்ல கடிச்சிக்கிட்டு ரஞ்சிதமே வாங்குனா. புளி கரைச்சா, உப்பு போட்டா, வீட்டுல இருந்த ஒரு மூடி தேங்காயத் துருவி பால் எடுத்து ஊத்துனா, கசப்பு அடங்க ஒரு துண்டு வெல்லம் போட்டா. அந்தப் பக்கம் அக்கா அங்கயே நிக்கிறான்னு மட்டும் தெரியுது. லோரி ஹாரன் முனையில அடிச்சது. அவசரம். எறக்கி, மூடி, தூக்கிக் குடுத்தா. அக்கா வாங்கிக்கிட்டா.

ராஜுவும் சாரதாவும் வந்தாங்க. பாய் விரிக்கிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம் எல்லாம் கேட்டுச்சி. ரஞ்சிதம் தன் சோத்தப் போட்டுக்கிட்டு, திங்காம காத குடுத்துக்கிட்டு இருந்தா.

"ஆணம் ஊத்தவா?"

"ஊத்தும்மா."

தட்டுல சோத்த பெசையற சத்தம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

"பாத்தியா," காளியம்மா கொரல்ல ஒரு தெம்பு வந்துருச்சி. "சாரதா, நீயும் போட்டுக்க. இது எங்க ஊரு ஆணம். ஒங்க வீட்டுல இப்படி வைக்க மாட்டாங்க."

ரஞ்சிதம் ஒரு கவளம் எடுத்து வாயில வச்சா. முடிஞ்சுதுன்னு நெனச்சா. சந்தோசமா இருக்கா, வருத்தமா இருக்கான்னு அவளுக்கே தெரியல. இன்னும் ரெண்டு வருஷம். கணக்கு மட்டும் தெரிஞ்சிது.

ரஞ்சிதம் வீட்டுப் பின் கதவுல ராஜு வந்து நின்னான். கை கழுவின ஈரம் இன்னும் காயல.

"அத்த."

"வாப்பா. சாப்பிட்டியா? அம்மா ஆணம் எப்படி?"

"நல்லா இருந்துச்சி அத்த. ஆனா எங்க வீட்டு ஆணத்துல பூண்டும் சீரகமும் போட மாட்டாங்க."

ரஞ்சிதத்துக்கு அப்பதான் ஒறச்சது. எறக்கறதுக்கு முன்ன, அவ நெனைக்காமயே, அவ கை ரெண்டு பல்லு பூண்டையும் ஒரு சிட்டிக சீரகத்தையும் தட்டிப் போட்டு மூடியிருக்கு. முப்பது வருஷமா செஞ்ச கை. அம்மிக் கல்லுல பூண்டுத் தோலு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

"பத்து வயசுல இருந்து ஒரு நாளு அம்மா ஆணம், ஒரு நாளு ஒங்க சாறுன்னு தின்னு வளந்தவன் அத்த. கண்ண கட்டி விட்டாலும் யாரு கைன்னு சொல்லிருவேன்," அப்படின்னான். கோவமா சொல்லல. குந்தி ஒக்காந்தான். "எவ்வளவு நாளா இப்படி?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். மூக்குல மணம் இல்ல. நாக்குலயும் ஒண்ணும் தெரியலன்னு நெனைக்கிறேன். அது சொல்லல, நானும் கேக்கல."

"நீங்கதான் சரி பண்ணிக்கிட்டு இருந்தீங்களா?"

"ம்."

"இனிமேலும் பாத்துக்குவீங்களா அத்த? நீங்க பாத்துக்குவேன்னா நான் இப்படியே விட்டுட்டுப் போயிருவேன். அது அங்க வந்தா அழுதுக்கிட்டே இருக்கும், எனக்குத் தெரியும்."

ரஞ்சிதம் தட்ட பாத்தா. ஆமான்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான் வேணும். அந்த வார்த்த தொண்ட வரைக்கும் வந்துச்சி. அப்ப தோளு வலிச்சது. திங்க, புதன், வெள்ளி எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சி.

"முடியல ராஜு," அப்படின்னா. "பொய் சொல்ல மாட்டேன். என்னால முடியல. கை தூக்க வரல. அம்மியில ஒக்காந்தா உசுரு போவுது. ஒரு வீட்டுக்கே அரைக்க முடியல. ஒங்கம்மாவ எனக்கு வேண்டாம்னு இல்ல. தெம்புதான் இல்ல."

சொல்லிட்டு அழுதா. சத்தம் வராம.

"கேக்குது," தடுப்புக்கு மேல கொரலு வந்துச்சி. "மூக்குதான போச்சி. காது இருக்கு."

ராஜு தலைய குனிஞ்சிக்கிட்டான். காளியம்மா சுத்தி வந்து பின் கதவு வழியா உள்ள நொழைஞ்சி, அடுப்புப் பக்கத்துல ஒக்காந்தா. பின்னாலயே சாரதா வந்து கதவுல நின்னா.

"எனக்கு தெரியாதுன்னு நெனச்சியாட்டி? நான் கொடத்த எடுத்ததும் நீ அடுப்ப ஊதுவ. ஊதாங்கொழலு சத்தம் பைப்படி வரைக்கும் வரும். கொடம் நெறஞ்ச பொறவும் அங்கயே நின்னுட்டுதான் வருவேன். நீ எறக்கட்டும்னு."

ரஞ்சிதம் நிமிந்து பாத்தா. "தெரிஞ்சி ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

ரஞ்சிதம் ஊதாங்கொழல எடுத்து மூலையில சாத்தி வச்சா.

"எங்க அத்த துணியெல்லாம் மூட்ட கட்டித்தான் வச்சிருக்காங்க," சாரதா மெதுவா சொன்னா. "கட்டிலுக்கு அடியில பாத்தேன்."

"வச்சிருக்கேன். ஆணம் வாய்க்கலன்னா ஏறிரலாம்னுதான் கட்டுனேன்," காளியம்மா சொன்னா. "நேத்தே கட்டிட்டேன். எனக்கும் சலிச்சிப் போச்சி. வாயில எது வச்சாலும் மண்ணுதான். பசிக்கு உள்ள தள்ளுறேன்." கைய நீட்டி ரஞ்சிதத்தோட அம்மியத் தொட்டுப் பாத்தா. "அரைக்க முடியலன்னியே. அத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"அரைப்பேன். அரைக்கிறதுக்கு மூக்கு எதுக்கு? ஒனக்கும் சேத்து அரைச்சித் தரேன். வெறகு, தண்ணி, காயி அரியறது எல்லாம் நான். அடுப்புல வைக்கிறது நீ. சோறும் இங்கயே பொங்கு, எங்க வீட்டு அரிசியும் சேத்து. என் அடுப்ப நான் பத்த வைக்கல. பத்த வைக்கலன்னா எப்படிடா கருகும்?" கடைசி வார்த்த மவனுக்கு.

ராஜு ஒடனே ஒத்துக்கல. "அப்புறம் அத்தைக்கு முடியலன்னா?"

"முடியலன்னா இந்த வாட்டி வாயத் தொறந்து சொல்லட்டும்."

ராஜு ரஞ்சிதத்த பாத்தான். ரஞ்சிதம் மூக்க சேலையில தொடச்சிக்கிட்டா. வறுக்கறதும் கொதிக்க விடுறதும் மட்டும்னா, நெனச்சிப் பாத்தா, முடியும் போலத்தான் இருந்துச்சி. முடியாமலும் போவலாம்.

"ஒரு மாசம் பாக்கலாம்," அப்படின்னா.

"ஒரு மாசம்," ராஜு சொன்னான். "நான் வந்து சாப்பிட்டுப் பாப்பேன். சரிப்படலன்னா அந்த மூட்டையோட ஏறிரணும். பேச்சு பேசக் கூடாது."

"சரிடா, லோரிக்காரா."

மூட்டைய அவுக்கட்டுமான்னு சாரதா கேட்டா. காளியம்மா வேணாம்னுட்டா. "கெடக்கட்டும். ஒரு மாசம்தான."

திங்கக்கெழம வேல முடிஞ்சி வந்ததும் அந்தப் பக்கம் அம்மி ஓடுற சத்தம் கேட்டுச்சி. ரஞ்சிதம் வறுத்துக் குடுத்தத காளியம்மா அரைச்சி, கிண்ணத்துல வழிச்சி, பின் கதவு வழியா கொண்டு வந்து வச்சா. தடுப்புக்கு மேல தூக்குற வேல இனிமே இல்ல. அன்னிக்கி தேங்காயும் நெலக்கடலையும் சேந்தே அரைஞ்சி வந்துருந்துச்சி. எதையும் கேக்காம ரஞ்சிதம் கரைச்சி விட்டா.

"இது எங்க சாறு கணக்கா, ஒங்க ஆணம் கணக்கா?" நல்லுசாமி எட்டிப் பாத்துக் கேட்டாரு.

"போயி கை கழுவுங்க," ரஞ்சிதம் சொன்னா.

மூணு பேரும் குசினியிலயே ஒக்காந்தாங்க. காளியம்மா சோத்துல ஊத்தி, பெசஞ்சி, ஒரு கவளம் எடுத்துட்டு, வாயில வைக்காம கையில வச்சிக்கிட்டே கேட்டா.

"சொல்லு. இன்னிக்கி எப்படி இருக்கு?"

ரஞ்சிதம் தன் வாயில வச்சிப் பாத்தா. அவசரத்துல புளி கூடிப் போயிருக்கு.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல் அக்கா."

காளியம்மா கவளத்த வாயில போட்டா. மெதுவா மென்னா. முழுங்குனா.

"ஆமா," அப்படின்னா. "தூக்கல்தான்."

இன்னொரு கவளம் பெசஞ்சா.